இன்ஜினியரிங் ஜர்னலுக்கு பேப்பர் அனுப்புவது: கியூப் உடைப்பதிலிருந்து புரூஃப் பார்ப்பது வரை

“சார், பேப்பர் முடிச்சாச்சுங்க. எந்த ஜர்னலுக்குப் போடலாமுங்க?”

கோவைக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் சிவில் துறையில் வேலை பார்க்கிறேன். வருஷத்துக்குப் பத்துப் பேராவது இந்தக் கேள்வியோடு வந்து நிற்பார்கள். சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது. பாத்தி கட்டாமல் மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீரை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று கேட்கிற மாதிரி.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் பேப்பரை எழுதி முடித்துவிட்டு, கேள்விப்பட்ட பெயராக இருந்த ஒரு ஜர்னலுக்கு அனுப்பினேன், மூன்றாம் நாளே திரும்பி வந்தது. பேப்பரைப் படித்து மதிப்பிடுகிற ரிவியூவர் கண்ணில் படவே இல்லை. “எங்கள் ஜர்னலின் எல்லைக்குள் வரவில்லை” என்று ஒரே வரி. நான்கு மாத வேலையை மறுபடி இன்னொரு அச்சில் ஊற்ற ஆறு வாரம் ஆனது.

ஆகவே இதில் வரிசைதான் முக்கியம். வேலை முடிந்தது முதல் அச்சேறுவது வரை எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும், ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு எங்கள் பக்கத்து விஷயம் ஒன்று: ஃபவுண்டரிகளில் (உலோக வார்ப்பாலைகளில்) கழித்துக் கொட்டுகிற மணலை கான்கிரீட்டில் ஆற்று மணலுக்குப் பதிலாகப் போடுவது. உங்களுடையது பம்ப் மோட்டாராக இருக்கலாம், திருப்பூர் சாயக் கழிவுநீராக இருக்கலாம், வரிசை மாறாது.

1. எழுத உட்காருவதற்கு முன் டேட்டாவை எண்ணுங்கள்

முதல் வேலை வேர்டு ஃபைலைத் திறப்பது அல்ல, லேப் நோட்டைத் திறப்பது. வலுவைப் பார்க்க வார்க்கிற கான்கிரீட் கியூப் (கனசதுரக் கட்டி) 28 நாள் தண்ணீரில் கிடந்தால்தான் உடைக்க முடியும். ஒரு கலவைக்கு மூன்று கியூப் வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறது என்பதை ரிவியூவர் சொல்லித் தெரிந்துகொண்டால், வார்த்து, ஊறவைத்து, உடைக்க இன்னொரு மாதம் போய்விடும். ரிவிஷனுக்கு, அதாவது திருத்தி அனுப்ப, கொடுக்கிற கெடுவே சில சமயம் அவ்வளவுதான் இருக்கும்.

ஆகவே ஒரு தாளில் கட்டம் போடுங்கள். கலவைகள் ஒரு பக்கம், சோதனைகள் இன்னொரு பக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மாதிரி, என்ன தேதி, எந்த இயந்திரம் என்று நிரப்புங்கள். காலியாக இருக்கிற கட்டத்தை இப்போதே நிரப்புங்கள், “அப்புறம் பார்த்துக்கலாம்” வேண்டாம். ஃபவுண்டரி மணல் கலக்காத சாதாரணக் கலவை, அதாவது கன்ட்ரோல், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், அது இல்லாமலே வந்தவர்கள் உண்டு.

மூன்று கியூபின் அளவுகளையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சராசரியை மட்டும் எழுதிவிட்டு மற்றதைத் தொலைக்காதீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி ஒவ்வொரு கியூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. விலகியதா இல்லையா என்று சொல்லக்கூட தனித்தனி எண்கள் வேண்டும். ரிவியூவர் கேட்கிற முதல் பத்துக் கேள்விகளில் “திட்ட விலக்கம் (எண்களின் சிதறல்) எவ்வளவு, அதைப் படத்தில் காட்டும் எரர் பார் எங்கே” என்பது கண்டிப்பாக இருக்கும்.

நீங்கள் பின்பற்றிய ஐ.எஸ். விதிகளின் பதிப்பு ஆண்டையும் இப்போதே சரிபாருங்கள். கலவை வடிவமைப்புக்கான ஐ.எஸ். 10262-இன் 2009 பதிப்பு போய் 2019 பதிப்பு வந்துவிட்டது. சீனியர் ஆய்வேட்டிலிருந்து காப்பி அடித்தவர்கள் பழைய ஆண்டையே போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

2. பேப்பர் சொல்வதை ஒரே வரியில் எழுதுங்கள்

இரண்டு வரி ஆகிறதென்றால் இன்னும் தெளிவாகவில்லை என்று அர்த்தம். “ஃபவுண்டரி மணலை கான்கிரீட்டில் பயன்படுத்தி ஆய்வு செய்தோம்” என்பது கண்டுபிடிப்பே அல்ல, அது நீங்கள் செய்த வேலை. அந்த வேலையை ஏற்கெனவே நிறையப் பேர் செய்து எழுதியாகிவிட்டது.

இங்கே எல்லோரும் சொல்கிற பதில், “சார், அவங்க வேற நாட்டு மணல், இது நம்ம கோயமுத்தூர் மணலுங்க” என்பது. ஊர் மாறினால் மட்டும் புதுமை ஆகிவிடாது. கோவை கணபதிப் பக்கத்து ஃபவுண்டரி மணல் மற்ற மணலிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று சொன்னால்தான் அது புதுமை. பென்டோனைட் களிமண்ணும் நிலக்கரித் தூளும் கலந்த கிரீன் சாண்டா, பினாலிக் ரெசின் பிடித்த மணலா? இரண்டும் சிமென்ட்டோடு ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. களிமண் தண்ணீரைக் குடிக்கும், ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்கம், இறங்கும். ரெசின் மணலின் கதை வேறு. எதை எடுத்தோம் என்றே தெரியாமல் லாரியில் வந்ததைக் கலந்துவிட்டு, பேப்பரில் வெறும் “ஃபவுண்டரி கழிவு மணல்” என்று எழுதினால், விஷயம் தெரிந்த ரிவியூவர் அந்த இடத்திலேயே பேனாவை வைத்துவிடுவார்.

சரி, ஒரு வரி இப்படி இருக்கலாம்: “ரெசின் பிடித்த ஃபவுண்டரி மணலை இத்தனை சதவீதம் வரை கழுவாமலே போடலாம், அதற்கு மேல் வலு குறைவதற்குக் காரணம் இது.” இந்த வரியைத் தாளில் எழுதி மேசை முன்னால் ஒட்டிவிடுங்கள். பேப்பரில் இதற்கு உதவாத படம், அட்டவணை, பத்தி எல்லாவற்றையும் பின்னால் இதை வைத்துத்தான் வெட்டப்போகிறோம்.

3. ஜர்னலை இப்போதே பிடியுங்கள்

எழுதுவதற்கு முன்பே ஜர்னலை முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வார்த்தை வரம்பு, படங்களின் அகலம், ரெஃபரன்ஸ் பாணி, ஆசிரியர் பெயரை மறைக்க வேண்டுமா கூடாதா, எல்லாமே ஜர்னலைப் பொறுத்தது. அதைவிட முக்கியம், யாருக்காக எழுதுகிறோம் என்பது. கட்டுமானப் பொருள் ஜர்னல் வாசகருக்கு வலுவும் நுண்ணமைப்பும் வேண்டும், கழிவு மேலாண்மை ஜர்னல் வாசகருக்கு அதிலிருந்து உலோகம் கசிகிறதா என்பது வேண்டும். ஒரே டேட்டாதான், பேப்பர் இரண்டு.

பிடிக்கிற வழி எளிது. நீங்கள் படித்ததிலேயே உங்கள் வேலைக்கு மிக நெருக்கமான பத்து பேப்பரை எடுத்து, எந்த ஜர்னலில் வந்தது என்று எழுதுங்கள். மூன்று பெயராவது திரும்பத் திரும்ப வரும். அந்த மூன்றின் ‘எய்ம்ஸ் அண்ட் ஸ்கோப்’ பக்கத்தையும் கடைசி இரண்டு இதழ்களின் தலைப்புகளையும் படியுங்கள். உங்கள் தலைப்பை அந்தப் பட்டியலுக்கு நடுவில் வைத்தால் உறுத்தாமல் இருக்கிறதா? அதுதான் சோதனை.

அடுத்தது அட்டவணைப்படுத்தல், அதாவது ஸ்கோபஸ், எஸ்.சி.ஐ.இ. போன்ற ஜர்னல் பட்டியல்களில் அது இருக்கிறதா என்பது. முனைவர் பட்டத்துக்காக என்றால் உங்கள் பல்கலைக்கழக விதிமுறையில், நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்குப் பொருந்துகிற பகுதியை நீங்களே படியுங்கள். பக்கத்து சீட் ஸ்காலரின் விதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) கேர் ஜர்னல் பட்டியலை நம்பி இன்னும் சிலர் திரிகிறார்கள், அந்தப் பட்டியலை யு.ஜி.சி. 2025 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டது.

ஸ்கோபஸில் இருக்கிறதா என்று பார்க்க ஜர்னலின் சொந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற முத்திரையை நம்பாதீர்கள். ஸ்கோபஸின் ‘சோர்சஸ்’ பக்கத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பெயரைப் போடாமல், ஒவ்வொரு ஜர்னலுக்கும் உள்ள எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போட்டுத் தேடுங்கள், ஏனென்றால் ஒரே மாதிரிப் பெயரில் நாலு ஜர்னல் இருக்கும். வந்ததும் ‘கவரேஜ்’ ஆண்டுகளைப் பாருங்கள். இன்றுவரை தொடர்கிறதா, நடுவில் நிறுத்தப்பட்டதா? நிறுத்தப்பட்ட ஜர்னலும் தேடினால் வரும், அதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எஸ்.சி.ஐ.இ. பட்டியல் வேண்டுமென்றால் அதை நடத்துகிற கிளாரிவேட் நிறுவனத்தின் ‘மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட்’ இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.

இன்னொரு மோசடி, நல்ல ஜர்னலின் பெயரையும் எண்ணையும் திருடி அதே மாதிரி போலித் தளம் நடத்துவது. பணம் கட்டிய பிறகுதான் தெரியும். ஐ.எஸ்.எஸ்.என். போர்ட்டலில் எண்ணைப் போட்டு பதிப்பகம் எது என்று பார்த்துக்கொண்டு, அந்தப் பதிப்பகத்தின் தளத்துக்குள் போய் அங்கிருந்து ஜர்னலுக்கு வாருங்கள். கூகுளில் முதலில் வருவதைத் தொடாதீர்கள்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் செய்தி. “ஸ்கோபஸ் உத்தரவாதம், 15 நாளில் ஏற்பு, உங்கள் பெயர் மட்டும் போதும்.” ஏப்ரல், மே மாதம் ஆனால் கல்லூரி குரூப்புகளில் மழைக்கு முன் ஈசல் மாதிரி வரும். ரிவியூவர் படிக்கவே ஒரு மாதம் ஆகிற வேலைக்கு 15 நாளில் ஏற்பு என்றால் யாருமே படிக்கப்போவதில்லை என்றுதான் பொருள். சிறப்பிதழ் என்று வருவதிலும் நிதானம் வேண்டும். 2023-இல் ஹிந்தாவி பதிப்பகம் 8,000-க்கும் மேற்பட்ட பேப்பர்களைத் திரும்பப் பெற்றது, பெரும்பாலும் சிறப்பிதழ் வழியாகப் புகுந்தவை. பேப்பர் திரும்பப் பெறப்பட்டால் அந்தச் சிவப்புக் குறி உங்கள் பெயரோடு நிற்கும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. சந்தா முறையில் நடக்கிற நல்ல ஜர்னல்களில் வெளியிட பொதுவாகக் கட்டணம் கிடையாது. பல ஜர்னல்கள் ‘ஹைப்ரிட்’, அதாவது ஓப்பன் அக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கும்படி) கேட்டால் மட்டும் கட்டணம். அது லட்ச ரூபாயைத் தாண்டிப் போவதும் சாதாரணம். அந்தக் கேள்வி வருகிற இடத்தில் சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் போதும். “நல்ல ஜர்னலுக்கு எப்படியும் பணம் கட்டணுமுங்களே” என்று கடன் வாங்கக் கிளம்பின ஒரு தம்பியை நான் பாதி வழியில் நிறுத்தியிருக்கிறேன்.

மூன்று ஜர்னலையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள், முதலாவது மறுத்தால் அன்று உட்கார்ந்து அழாமல் அடுத்ததற்குப் போக. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டுக்கு அனுப்பவே கூடாது. இரண்டு எடிட்டர்களும் ஒரே ரிவியூவரைக் கேட்பது அரிதல்ல, துறை சின்னது.

4. யார் பெயர், எந்த வரிசை, எந்த எழுத்து

இதை எழுதுவதற்கு முன்பே பேசி முடியுங்கள், எழுதி முடித்த பிறகு பேசினால் மனஸ்தாபம். வேலை செய்தவர், டேட்டாவுக்குப் பொறுப்பேற்பவர், எழுதியதைப் படித்து ஒப்புக்கொண்டவர், இவர்கள்தான் ஆசிரியர்கள். லேப் சாவி கொடுத்தவருக்கும் இயந்திரம் ஓட்டியவருக்கும் நன்றியுரையில் இடம் உண்டு. மரியாதைக்காக மேலே இருப்பவர் பெயரைச் சேர்க்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, எனக்கும் அந்தச் சங்கடம் வந்ததுண்டு. இப்போது பல ஜர்னல்கள் 14 வகைப் பங்களிப்புகள் கொண்ட ‘கிரெடிட்’ பட்டியலைக் கொடுத்து, யார் என்ன செய்தார் என்று நிரப்பச் சொல்கின்றன. அந்தப் படிவத்தை அச்செடுத்து மேசையில் வைத்தால் நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை, படிவமே பேசும்.

தமிழ்ப் பெயர்களுக்கு என்று ஒரு தனிச் சிக்கல். பூங்கொடி என்று ஒரு பெண், அப்பா பெயர் பழனிசாமி என்று வைத்துக்கொள்வோம். தளம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். கடைசிப் பெயரில் பழனிசாமி என்று போட்டால் உலகம் முழுக்க “பழனிசாமி பி.” என்றுதான் மேற்கோள் காட்டுவார்கள். மகள் உடைத்த கியூபுக்கு அப்பா பெயரில் சைட்டேஷன். அடுத்த பேப்பரில் “பி. பூங்கொடி”, அதற்கடுத்ததில் “பூங்கொடி பி.” என்று மாற்றினால் ஸ்கோபஸில் மூன்று பேராக நிற்பார். பழனிசாமியை ஆங்கிலத்தில் எழுதவே நாலு விதம் இருக்கிறது.

ஆகவே முதல் பேப்பருக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளருக்கான பதினாறு இலக்க அடையாள எண்ணான ஆர்க்கிட்டை இலவசமாக எடுத்து, அதிலும் அதே எழுத்தில் பதியுங்கள். கல்லூரிப் பெயரும் அப்படியே. துறை, கல்லூரி, ஊர், பின்கோடு என்று எல்லா ஆசிரியருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

பேட்டன்ட் எண்ணம் இருந்தால் இந்த இடத்தில் நில்லுங்கள். பேப்பர் வெளியான பிறகு விண்ணப்பித்தால் புதுமை போய்விடும், சட்டத்தில் உள்ள விதிவிலக்குகள் குறுகலானவை. முதலில் தற்காலிக விண்ணப்பம், அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம், இடையில் பேப்பர். தலைகீழாகச் செய்தால் சரிசெய்ய வழியில்லை.

5. படங்களை முதலில் முடியுங்கள்

எடிட்டரும் ரிவியூவரும் தலைப்பு, சுருக்கம் பார்த்தவுடன் படங்களுக்குத்தான் போவார்கள். படங்களையும் அட்டவணைகளையும் வரிசையாக மேசையில் பரப்பினால் கதை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் எழுதினாலும் தெரியாது. அதனால்தான் எழுத்துக்கு முன் படம்.

புதிதாக வருகிறவர்கள் கொண்டுவருகிற படம் பெரும்பாலும் எக்செலில் அப்படியே பிறந்தது. மேலே தலைப்பு, பின்னால் கோடு கோடாகக் கட்டம், பக்கத்தில் “சீரிஸ் 1, சீரிஸ் 2”. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டியிருப்பார்கள். தலைப்பை எடுத்துவிட்டு கீழே விளக்க வரி எழுதுங்கள், அச்சுகளில் அலகு போடுங்கள், சீரிஸுக்குக் கலவையின் பெயர் கொடுங்கள். வேறுபாட்டை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள், கோட்டின் வகையாலும் காட்டுங்கள், ரிவியூவர் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் படிக்கிறவராக இருக்கலாம்.

அளவு முக்கியம். எல்சீவியர் பதிப்பக ஜர்னல்களில் ஒற்றைப் பத்தி அகலப் (பாதிப் பக்கப்) படம் 90 மி.மீ., முழு அகலம் 190 மி.மீ. மின்னியல் பொறியாளர் அமைப்பான ஐ ட்ரிபிள் ஈ-யின் ஜர்னல்களில் 3.5 அங்குலம், 7.16 அங்குலம். படத்தை அந்த அகலத்துக்கே வரையுங்கள். பெரிதாக வரைந்து சுருக்கினால் எழுத்தும் சேர்ந்து சுருங்கும். அச்செடுத்துக் கை நீட்டிப் பிடித்துப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். புகைப்படத்துக்கு 300 டி.பி.ஐ. வேண்டும். கோட்டுப் படத்தை முடிந்தவரை வெக்டர் வடிவத்தில் சேமியுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய லேப் புகைப்படம் எதற்கும் ஆகாது, அது ஏற்கெனவே நசுங்கிவிட்டது. மூலப் படத்தை ஃபோனிலிருந்து கேபிள் போட்டு எடுங்கள்.

அட்டவணையில் எண்கள். 150 மி.மீ. கியூபின் முகப் பரப்பு 22,500 சதுர மி.மீ. 865 கிலோநியூட்டனில் உடைந்தால் கால்குலேட்டர் 38.4444 என்று காட்டும். அதை அப்படியே நாலு தசமத்தோடு அட்டவணையில் ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் இயந்திரத்தில் 5 கிலோநியூட்டன் அளவுக்குத்தான் பார்க்க முடியும் என்றால், அந்த ஒரு கோடே 0.22 மெகாபாஸ்கல். 38.4-க்கு அப்புறம் எழுதுகிற ஒவ்வொரு 4-ம் நீங்கள் அளக்காதது. சின்ன விஷயம்தான், ஆனால் இதைப் பார்த்தவுடன் ரிவியூவருக்கு மற்ற எண்கள் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

6. எழுதும் வரிசை

அச்சில் வருகிற வரிசையில் எழுதாதீர்கள். முதலில் செய்முறை, ஏனென்றால் அது நோட்டில் அப்படியே இருக்கிறது. அப்புறம் முடிவுகள், ஒவ்வொரு படத்துக்கும் ஒன்றிரண்டு பத்தி. பிறகு விவாதம். முன்னுரை அதற்கும் பிறகுதான். எதற்கு முன்னுரை எழுதுகிறோம் என்று அப்போதுதான் தெரியும். முடிவுரை, சுருக்கம், தலைப்பு கடைசி.

முன்னுரையில் சிமென்ட் வரலாறு, மக்கள்தொகைப் பெருக்கம் எல்லாம் வேண்டாம். மற்றவர்கள் எதுவரை வந்திருக்கிறார்கள், எந்த இடத்தில் நிற்கிறது, நாங்கள் அங்கிருந்து என்ன செய்தோம், அவ்வளவுதான். “இவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார்” என்று மொய் நோட்டு மாதிரி வரிசையாக எழுதினால் அது இலக்கிய மதிப்பாய்வு ஆகாது. ஐந்து பேர் ஒரே முடிவைச் சொன்னால் ஒரே வாக்கியம், ஒருவர் மட்டும் மாறிச் சொன்னால் அவருக்குத் தனி வாக்கியம், ஏன் மாறியது என்பதோடு.

விவாதத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். “20 சதவீதத்தில் வலு கூடியது, 30-இல் குறைந்தது” என்பது படத்திலேயே தெரிகிறது. ஏன் என்பதுதான் விவாதம். நுண்தூள் இடைவெளியை நிரப்பியதா, களிமண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டதா? அதற்கு உங்களிடம் என்ன சாட்சி இருக்கிறது? ஸ்லம்ப் அளவு இருந்தால் அதுவே ஒரு சாட்சி. சாட்சி இல்லையென்றால் “காரணமாக இருக்கலாம்” என்று எழுதுங்கள், அடித்துச் சொல்லாதீர்கள்.

செய்முறையை வேறு ஊர்க்காரர் படித்துவிட்டு அப்படியே திரும்பச் செய்ய முடிய வேண்டும். “லோக்கலாகக் கிடைத்த மணல்” என்று எழுதுவதை விட்டுவிட்டு, துகள் அளவுப் பரவல், வேதிக் கூறு, ஒப்படர்த்தி, நீர் உறிஞ்சும் அளவு ஆகியவற்றைக் கொடுங்கள்.

சுருக்கத்தில் எண் இருக்க வேண்டும். 200 வார்த்தையில் ஒரு எண்கூட இல்லாத சுருக்கத்தை எடிட்டர் பாதியில் விட்டுவிடுவார். தலைப்பில் “நாவல்” (புதுமையான), “எஃபிஷியன்ட்”, “எ ஸ்டடி ஆன்” எல்லாம் வெட்டுங்கள். புதுசா இல்லையா என்பதைப் படிக்கிறவர்கள் சொல்லட்டும்.

7. ரெஃபரன்ஸ்

ரெஃபரன்ஸ்களைச் சேர்த்துவைத்து எண் போடுகிற மென்பொருளான சோட்டெரோ அல்லது மெண்டலே, இரண்டில் ஒன்றை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள். கையால் எண் போட்டவர்கள் நடுவில் ஒரு ரெஃபரன்ஸ் சேர்க்கும்போது 14 முதல் 52 வரை மாற்றிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்திருப்பார்கள். ஜர்னல் மாறினால் பாணியும் மாறும், மென்பொருளில் அது இரண்டு சொடுக்கு.

ஒவ்வொரு பேப்பருக்கும் உள்ள நிரந்தர இணைப்பான டி.ஓ.ஐ.யையும் நீங்களே சொடுக்கித் திறந்து பாருங்கள். சாட்ஜிபிடி கொடுத்த ரெஃபரன்ஸில் ஆசிரியர் பெயர், ஜர்னல், ஆண்டு எல்லாம் கச்சிதமாக இருக்கும், பேப்பர் மட்டும் உலகத்தில் இருக்காது. திரும்பப் பெறப்பட்ட பேப்பரையும் சேர்த்துவிடாதீர்கள், சோட்டெரோவில் அப்படிப்பட்டது இருந்தால் அதுவே எச்சரிக்கும்.

முழு பேப்பர் கிடைக்காத பிரச்சினை எங்கள் பக்கம் அதிகம். 2025 ஜனவரியில் தொடங்கிய, ஜர்னல்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டுகிற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்குத்தான், இங்கே பெரும்பாலும் சுயநிதிக் கல்லூரிகள். ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் பி.டி.எஃப். அனுப்பிவிடுவார்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டாதீர்கள், அந்த பேப்பரை எழுதியவரே உங்கள் ரிவியூவராக வரலாம்.

8. ஒப்புமைச் சோதனை

யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40, 40 முதல் 60, அதற்கு மேல் என்று மூன்று நிலைகள். ஆனால் எடிட்டர் மொத்த எண்ணைவிட எங்கே ஒத்துப்போகிறது என்றுதான் பார்ப்பார். செய்முறையில் 8 சதவீதம் இருந்தால் பொறுத்துக்கொள்வார், முடிவுகளில் ஒரே மூலத்திலிருந்து 4 சதவீதம் இருந்தால் மாட்டார்.

எண்ணைக் குறைக்க வார்த்தை மாற்றும் மென்பொருளில் போடாதீர்கள். “ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்” அதில் நுழைந்து “கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்” என்று வெளியே வந்து, அப்படியே அச்சாகிய பேப்பர்கள் உண்டு. “சிக்னல் டு நாய்ஸ்” என்பது “ஃப்ளாக் டு கமோஷன்” ஆனது. இந்தச் சொற்களை வைத்தே போலி பேப்பர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

ஆங்கிலம் திருத்த ஏ.ஐ. பயன்படுத்தினால் ஜர்னல் கேட்கிற இடத்தில் சொல்லிவிடுங்கள். ஆசிரியராக அதைப் போட முடியாது, தப்புக்கு அது பொறுப்பேற்காது, நீங்கள்தான்.

9. கோப்புகள், கவர் லெட்டர்

‘கைடு ஃபார் ஆத்தர்ஸ்’ பக்கத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டே வாருங்கள். லேடெக் மென்பொருளில் எழுதினால் ஐ ட்ரிபிள் ஈ, எல்சீவியர், ஸ்ப்ரிங்கர் ஒவ்வொன்றுக்கும் தனி டெம்ப்ளேட் இருக்கிறது. வேர்டிலும் அனுப்பலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, சமன்பாடுகளைப் படமாக ஒட்டாமல் இருந்தால் போதும். எல்சீவியரில் பல ஜர்னல்கள் ஹைலைட்ஸ் (முக்கிய முடிவுகள்) கேட்கும்: 3 முதல் 5 வரி, ஒவ்வொன்றும் இடைவெளி சேர்த்து 85 எழுத்துக்குள்.

இருபுறமும் பெயர் மறைக்கிற ஜர்னல் என்றால் முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. வேர்டு கோப்பின் பண்புகளில் பெயர் இருக்கும், நன்றியுரையில் இருக்கும், “எங்கள் முந்தைய ஆய்வில்” என்ற வரியில் இருக்கும். எங்கள் ஸ்காலர் ஒருவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, உடைப்பு இயந்திரத்தின் புகைப்படத்தை விட்டுவிட்டார். இயந்திரத்தின் நெற்றியில் கல்லூரிப் பெயர் பெரிய மஞ்சள் பெயின்டில் இருந்தது.

கவர் லெட்டர் அரைப் பக்கம். எடிட்டரைப் புகழ வேண்டாம். என்ன கண்டோம், உங்கள் வாசகருக்கு ஏன் வேண்டும், வேறெங்கும் பரிசீலனையில் இல்லை, எல்லா ஆசிரியரும் ஒப்புக்கொண்டார்கள். முடிந்தது. இரண்டாவது ஜர்னலுக்கு அனுப்பும்போது முதல் ஜர்னலின் பெயர் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள், இந்த ஒரு தப்பை நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன்.

10. சப்மிட் செய்கிற நாள்

பேப்பரை ஏற்றுகிற தளம் எடிட்டோரியல் மேனேஜரோ ஸ்காலர்ஒன்னோ, முதல் தடவைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கல்லூரி நெட்டில் பகலில் செய்ய வேண்டாம், பாதியில் தொங்கும். எல்லா ஆசிரியரின் மின்னஞ்சல், ஆர்க்கிட் எண், நிதி உதவி விவரம் ஒரு தாளில் முன்கூட்டியே இருக்கட்டும். மற்ற ஆசிரியர்களுக்கும் உறுதிப்படுத்தச் சொல்லி மின்னஞ்சல் போகும், கைடு (ஆய்வு வழிகாட்டி) அதை ஸ்பாமில் விட்டுவிட்டால் பேப்பர் அங்கேயே நிற்கும். போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

ரிவியூவர்களைப் பரிந்துரைக்கச் சொன்னால் உங்கள் ரெஃபரன்ஸில் இருப்பவர்களைப் பாருங்கள். உங்கள் கல்லூரிக்காரர், கைடோடு சேர்ந்து எழுதியவர் வேண்டாம். நிறுவன மின்னஞ்சல்தான் கொடுக்க வேண்டும். போலி முகவரி கொடுத்துத் தாங்களே ரிவியூ எழுதிக்கொண்டவர்கள் உண்டு, 2015-இல் பயோமெட் சென்ட்ரல் பதிப்பகம் அந்த மாதிரி மோசடி காரணமாக 43 பேப்பர்களைத் திரும்பப் பெற்றது.

கடைசியில் தளம் எல்லாவற்றையும் கோத்து ஒரு பி.டி.எஃப். கட்டிக் கொடுக்கும். அதை ஒப்புக்கொள்வதற்கு முன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பாருங்கள். கிரேக்க எழுத்து கட்டமாக மாறியிருக்கும், படம் 4-ம் 5-ம் இடம் மாறியிருக்கும்.

11. பதில் வந்த பிறகு

மூன்று மாதம் சத்தமே இல்லையென்றால் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடலாம், வாரா வாரம் வேண்டாம்.

எடிட்டரே மறுத்தால் அடுத்த ஜர்னல், அந்த வாரமே. ரிவியூவோடு மறுத்தால் அந்தக் குறிப்புகளைத் திருத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள், அதே ரிவியூவர் அங்கேயும் உட்கார்ந்திருக்கலாம். ‘மேஜர் ரிவிஷன்’ (பெரிய திருத்தம்) வந்தால் முகத்தைத் தொங்கப்போடாதீர்கள், அது நல்ல செய்தி.

முதல் நாள் படித்துவிட்டு மூடி வையுங்கள், கோபம் வரும். இரண்டு நாள் கழித்து ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே நகலெடுத்து, அதன் கீழே பதில், அதன் கீழே எந்தப் பக்கம் எந்த வரியில் மாற்றினோம் என்று எழுதுங்கள். “திருத்திவிட்டோம்” என்று மட்டும் எழுதினால் அவர் 30 பக்கத்தில் தேட வேண்டும், தேடமாட்டார். ரிவியூவர் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாலும் அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சேர்த்துத் தெளிவாக்குங்கள். அவருக்குப் புரியாதது மற்றவருக்கும் புரிந்திருக்காது. ஒத்துக்கொள்ள முடியாததை ஆதாரத்தோடு மறுக்கலாம், எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. மறுபடி கியூப் வார்க்க வேண்டுமென்றால் கெடு முடிவதற்கு முன்பே எடிட்டரிடம் அவகாசம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

12. ஏற்றுக்கொண்ட பிறகு

காப்பிரைட் படிவத்தில்தான் சந்தா வழியா, ஓப்பன் அக்சஸா என்ற கேள்வி வரும். அவசரத்தில் மாற்றிச் சொடுக்கிவிட்டால் பில் வந்து நிற்கும்.

அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் படியான புரூஃப் வந்ததும் அனேகமாக 48 மணி நேரம்தான் கொடுப்பார்கள். ஆசிரியர் பெயர்களின் எழுத்து, கல்லூரி, அட்டவணை எண்கள், சமன்பாட்டின் கீழ்க்குறிகள், இந்த நாலையும் மூலத்தோடு இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் வாசிக்க ஒருவர் பாருங்கள். புரூஃபில் புதுப் பத்தி சேர்க்க விடமாட்டார்கள். ஊரில் நோம்பி, எல்லாரும் கோயிலுக்குப் போயாச்சு என்றாலும் அந்த இரண்டு நாள் லேப்டாப்பை விட்டு நகராதீர்கள், எங்கள் ஊரில் தேர் சாயங்காலம்தான் நகரும்.